கூலருக்குத் தண்ணீர், காருக்குக் கேஸா?

மே மாத மதியம் இரண்டு மணிக்கு டில்லி ஐ.டி.ஓ. சிக்னலில் நின்றவர்களிடம் கார் ஏசி ஆடம்பரமா என்று கேட்டுப் பாருங்கள். 2024 மே 29 அன்று சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி பதிவானது. அந்த மாதிரி நாளாகப் பார்த்துத்தான் ஏசி காலை வாரும். வண்டி ஓடும்வரை ஜில்லென்று வந்த காற்று, சிவப்பு விளக்கில் நின்ற ஒரு நிமிடத்தில் வெதுவெதுப்பாகும். பச்சை விழுந்து வண்டி வேகம் எடுத்ததும் மறுபடி குளிரும்.

எனக்கு இது இரண்டு கோடைகள் தொடர்ந்து நடந்தது. இரண்டு முறையும் பட்டறையில் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது: "கேஸ் கம் ஹை, சாப்" (கேஸ் குறைவாக இருக்கிறது, ஐயா). கேஸ் போட்டார்கள், பணம் கொடுத்தேன். அன்று இரவு ஓட்டியபோது அருமையாக இருந்தது. மறுநாள் மதியம் பழைய கதைதான்.

மூன்றாவது கோடையில், காஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையின் சந்து ஒன்றில் சின்னக் கடை வைத்திருந்த ஒரு பெரியவரிடம் போனேன். அவர் அழுத்தம் காட்டும் கேஜ் மீட்டரைத் தொடவே இல்லை. முன்பக்க கிரில் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு விரலை உள்ளே விட்டு, சாம்பல் நிறத்தில் பழைய கம்பளித் துண்டு மாதிரி ஒன்றை உரித்து எடுத்தார். இலவம் பஞ்சு. ஏப்ரல் கடைசியில் டில்லிச் சாலைகளில் பறக்குமே, இங்கே 'செமல்' என்கிற இலவ மரத்துப் பஞ்சு, அது தூசியோடு சேர்ந்து கண்டென்சரின் மேல் மெத்தை போட்டிருந்தது. அதை எடுத்த பிறகு மெஷினை மாட்டி, உள்ளே இருந்த கேஸை முழுக்க உறிஞ்சி எடை பார்த்தார். என் காருக்கு வேண்டியது 400 கிராம். வந்தது 540.

குறைந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லி ஊற்றியதில், கேஸ் கூடிப்போய் இருந்தது.

கார் ஏசி குளிரவில்லை என்றால் முதலில் செய்யவேண்டியது கேஸ் போடுவது அல்ல, காரணத்தைக் கண்டுபிடிப்பது. அதில் பாதிக்கு மேல் வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம். பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

கூலரும் ஏசியும்

டில்லிவாசிக்கு ஏசியை விளக்க, ஜன்னலுக்கு வெளியே நிற்கும் கூலர் போதும். கூலரில் தண்ணீர் ஆவியாகிறது. ஆவியாகும்போது காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, காற்று குளிர்கிறது. ஆவியான தண்ணீர் காற்றோடு போய்விடுவதால் தினமும் தொட்டியை நிரப்புகிறோம்.

கார் ஏசியிலும் நடப்பது ஆவியாதல்தான். தண்ணீருக்குப் பதில் ஆர்-134ஏ என்ற குளிரூட்டி. சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலுக்குள் அது கொதித்து ஆவியாகும்போது காருக்குள் இருக்கும் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. இதுவரை கூலர் கதைதான். ஆனால் இங்கே ஆவியை வெளியே விடுவதில்லை. கம்ப்ரசர் அதை உறிஞ்சி அழுத்துகிறது. அழுத்திய ஆவி கொதிசூட்டோடு, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சருக்குப் போகிறது. அங்கே வெளிக்காற்றிடம் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. வழியில் டிரையர் அதன் ஈரத்தைப் பிடித்துக்கொள்ள, எக்ஸ்பான்ஷன் வால்வு என்ற ஊசித்துளை வழியாக மறுபடி கூலிங் காயிலுக்கு வருகிறது. அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வேலை செய்கிறது.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். ஒன்று, கேஸ் செலவாகும் பொருள் அல்ல. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரசர் சீல் வழியாகவும் ஆண்டுக்குச் சில கிராம் கசியத்தான் செய்யும். ஒரே கூலிங் காயில் உள்ள காருக்கு ஐரோப்பிய விதி அனுமதிக்கும் உச்சமே ஆண்டுக்கு 40 கிராம். நல்ல நிலையில் இருக்கும் கார் பல ஆண்டுகள் ஒரே கேஸில் ஓட வேண்டும். கூலருக்குத் தண்ணீர் ஊற்றுவது போல ஒவ்வொரு கோடைக்கும் கேஸ் ஊற்றவேண்டி வந்தால், எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது, காருக்குள் வாங்கிய வெப்பத்தை முன்பக்கம் வெளியே தள்ள முடிந்தால்தான் உள்ளே குளிரும். வெளியே 46 டிகிரி, கீழே தார்ச்சாலையின் கொதிப்பு, முன்னால் பஸ்ஸின் புகை. இதில் கண்டென்சர் மேல் பஞ்சு மெத்தையும் இருந்தால் வெப்பம் எங்கே போகும்?

முதலில் அளந்து பாருங்கள்

"குளிரவில்லை" என்பதை ஓர் எண்ணாக மாற்றுங்கள். சமையலறை டிஜிட்டல் வெப்பமானி, நீளமான குச்சி உள்ளது, போதும். காரை நிழலில், திறந்த வெளியில் நிறுத்தி எல்லாக் கதவையும் இரண்டு நிமிடம் திறந்துவிட்டு உள்ளே அடைந்த சூட்டை வெளியேற்றுங்கள். பிறகு கதவை மூடி, ஏசியை முழுக் குளிரில் வைத்து, உள்காற்றே சுழலும் பொத்தானைப் போட்டு, எஞ்சினை 1,500 சுற்றில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். நடு வென்ட்டில் வெப்பமானியைச் செருகுங்கள். வெளியே 35 முதல் 40 டிகிரி இருக்கும்போது உள்ளே ஏறத்தாழ 8 முதல் 14 டிகிரிக் காற்று வந்தால் ஏசி நலமாக இருக்கிறது. 20-ஐத் தாண்டினால் கோளாறு. இந்த எண்ணைத் தேதியோடு குறித்துவையுங்கள். அடுத்த ஆண்டு ஒப்பிட உதவும்.

டில்லியில் இன்னொரு சூட்சுமம் உண்டு. காருக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் ஏசி நன்றாக இருக்கிறது, சொட்டாவிட்டால் கேஸ் இல்லை என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. சென்னையில் இது ஓரளவு சரி. டில்லி மே மாதத்தில் சரியில்லை. லூ எனும் வெப்பக்காற்று வீசும் நாளில் காற்றில் ஈரமே கிடையாது. காயிலில் படிய ஈரம் இருந்தால்தானே சொட்டும்? ஜூலையில் மழைக்காற்று வந்ததும் அதே கார் குடம் குடமாய் ஊற்றும். அப்போது வேறு புகார் வரும்: "வெயில் குறைந்துவிட்டது, ஏசியும் குறைந்துவிட்டதே." ஈரக் காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிந்தெடுக்கவே ஏசியின் பலத்தில் ஒரு பகுதி போய்விடும். ஜூலையில் கூலர் கைவிரிப்பதும் இதே ஈரத்தால்தான். இதற்கு வைத்தியம் வெளிக்காற்றை அடைப்பது. கேஸ் போடுவது அல்ல.

அறிகுறியைக் கேளுங்கள்

காற்று குளிர்ச்சியாகத்தான் வருகிறது, ஆனால் பலமே இல்லை: கேஸைச் சந்தேகிக்க வேண்டாம். ஏசி ஃபில்டர் அடைத்திருக்கும். இல்லையேல் புளோயர் தளர்ந்திருக்கும்.

ஓடும்போது குளிர், நின்றால் சூடு: கண்டென்சர் அடைப்பு, அல்லது முன்பக்க விசிறி சுற்றவில்லை. ஓடும் காரில் எதிர்க்காற்றே விசிறியின் வேலையைச் செய்துவிடுவதால் குறை தெரியாது. சிக்னலில் குட்டு உடையும்.

காற்று பலமாக வருகிறது, துளியும் குளிரவில்லை: கம்ப்ரசர் இயங்கவில்லை. ஏசி பொத்தானை அழுத்தும்போது பானெட்டுக்குள் 'டக்' என்று கிளட்ச் ஒட்டும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். சில புது மாடல்களில் இந்தக் கிளட்ச்சே இல்லை, அவற்றில் சத்தம் வராது. சத்தம் வரவேண்டிய காரில் வராவிட்டால், ஃபியூஸ், ரிலே, அல்லது கேஸ் அடியோடு போயிருக்கலாம். கேஸ் மிகக் குறைந்தால் கம்ப்ரசர் ஓடாமல் தடுக்க ஒரு அழுத்தச் சுவிட்ச் இருக்கிறது.

கிளட்ச் சில நொடிக்கு ஒருமுறை ஒட்டி ஒட்டி விடுகிறது, ஓரளவுதான் குளிர்கிறது: கேஸ் குறைவுக்கு இது நல்ல அடையாளம்.

அரை மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு காற்றே மெலிந்துவிடுகிறது. பத்து நிமிடம் அணைத்துவைத்தால் சரியாகிறது: கூலிங் காயில் மேல் பனிக்கட்டி கட்டுகிறது. காயிலின் வெப்ப உணரியைப் பார்க்க வேண்டும். காற்று மெலியாமல் குளிர் மட்டும் விட்டுவிட்டு வந்தால், உள்ளே ஈரம் புகுந்து எக்ஸ்பான்ஷன் வால்வின் துளையில் உறைகிறது என்று சந்தேகிக்கலாம்.

ஒரு பக்கம் குளிர், மறுபக்கம் சூடு: கேஸ் குறைவாகவும் இருக்கலாம், டாஷ்போர்டுக்குள் சூடு-குளிர் மாற்றும் சின்னக் கதவு மாட்டிக்கொண்டும் இருக்கலாம். சென்னையில் வெப்பக் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பியவர்களே அரிது. டில்லியில் ஜனவரி முழுவதும் ஹீட்டர் ஓடும். ஏப்ரலில் ஏசி போடும்போது குமிழ் முழு நீலத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

முன் இருக்கையில் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர், கூடவே ஊசிப்போன வாடை: காயிலின் வடிகுழாய் அடைத்திருக்கிறது. மார்ச், ஏப்ரலில் வேம்பும் அரசும் உதிர்க்கும் இலைச்சருகு, முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்று வாயில் வழியாக உள்ளே போவதும் இதற்கு ஒரு காரணம்.

வீட்டு வாசலில் செய்யக்கூடியவை

முதல் வேலை ஏசி ஃபில்டர். பல கார்களில் டாஷ்போர்டில் இடப்பக்கப் பெட்டியைக் கழற்றினால் பின்னால் இருக்கும். கையேட்டில் படம் உண்டு. நவம்பரிலிருந்து ஜனவரி வரை டில்லிப் புகையை வடிகட்டிய ஃபில்டர் கறுத்துக் கெட்டியாகியிருக்கும். தட்டிப் போடுவதால் பெரிய பயன் இல்லை. சில நூறு ரூபாய்தான், மாற்றிவிடுங்கள். புதிதைப் பொருத்தும்போது காற்று போகும் திசையைக் காட்டும் அம்புக்குறியைப் பாருங்கள்.

இரண்டாவது கண்டென்சர். காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, தோட்டக் குழாயில் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கழுவும் கடையின் உயரழுத்தக் குழாயைப் பக்கத்தில் பிடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கி, இருந்த வழியும் அடைபடும். பஞ்சு ஒட்டியிருந்தால் மென்மையான பிரஷ்ஷால், தகடுகள் ஓடும் திசையிலேயே வருடி எடுங்கள். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் சிக்கியதையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

மூன்றாவது விசிறி. எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டால் சற்று நேரத்தில் விசிறி சுற்ற வேண்டும். தள்ளி நின்று பாருங்கள். எஞ்சின் அணைந்திருந்தாலும் விசிறி திடீரென்று சுற்ற ஆரம்பிக்கும், கையை விட வேண்டாம். சுற்றாவிட்டால் ஃபியூஸையும் ரிலேயையும் பாருங்கள். ஃபியூஸ் பெட்டியில் ஹார்ன் ரிலேயும் ஏசி ரிலேயும் ஒரே எண் கொண்டவையாக இருந்தால், ஒன்றை எடுத்து மற்றதன் இடத்தில் செருகிச் சோதிக்கலாம். ஏசி உயிர் பெற்றால் பழுது அந்தச் சின்ன டப்பாவில்தான்.

நான்காவது, இரண்டு குழாய்களைத் தொட்டுப் பார்ப்பது. தடித்த குழாய் கூலிங் காயிலிலிருந்து வருவது. நல்ல ஏசியில் அது கை பொறுக்கும் குளிர்ச்சியாக இருக்கும், ஜூலையில் வியர்க்கும். மெல்லிய குழாய் சூடாக இருக்கும். கம்ப்ரசரிலிருந்து கண்டென்சருக்குப் போகும் பகுதி சுட்டுவிடும் என்பதால் முழுக் கையால் பிடிக்காமல் விரல் நுனியால் ஒரு நொடி மட்டும் தொடுங்கள். இரண்டு குழாய்க்கும் வெப்ப வித்தியாசமே இல்லை என்றால் உள்ளே சுழற்சி நடக்கவில்லை.

கசிவைத் தூசி காட்டிக்கொடுக்கும்

டில்லித் தூசியால் நமக்கு ஒரு நன்மை உண்டு. ஏசிக்குள் கேஸோடு சேர்ந்து கம்ப்ரசர் எண்ணெயும் சுற்றுகிறது. கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் துளி கசியும், அதில் தூசி ஒட்டும். குழாய் இணைப்புகளிலும் கம்ப்ரசரின் முகப்பிலும் கண்டென்சரின் கீழ் ஓரத்திலும் பிசுபிசுவென்று கறுப்புத் திட்டு தெரிகிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்த இடத்தில், எஞ்சினை அணைத்துவிட்டு, சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். குமிழி வந்தால் திருடன் அகப்பட்டான்.

பலரும் பார்க்காத இடம் கேஸ் ஏற்றும் வாய். அதற்குள் கார் டயரில் இருப்பது போன்ற சின்ன வால்வு இருக்கிறது. அது தேய்ந்தால் மெல்லக் கசியும். மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியும் அழகுக்கு வைத்தது இல்லை. அதன் ரப்பர் வளையம்தான் இரண்டாவது காவல். பட்டறையில் மூடியைத் தொலைத்துவிட்டு அனுப்பினால் கேட்டு வாங்குங்கள்.

கம்ப்ரசர் சீல் கசிவதற்கு டில்லிக் குளிர்காலமும் ஒரு காரணம். நவம்பரில் ஏசியை அணைத்தால் பலர் மார்ச்சில்தான் போடுகிறார்கள். எண்ணெய் சுற்றாமல் சீல் காய்ந்துபோகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஏசி ஓட்டுங்கள். ஜனவரி மூடுபனியில் கண்ணாடி உள்பக்கம் மங்கும்போது ஹீட்டரோடு ஏசியையும் போட்டால் ஈரத்தை உறிஞ்சி நொடியில் தெளியவைக்கும். சீலுக்கும் எண்ணெய்க் குளியல் ஆகும்.

கேஸ் என்பது எடைக் கணக்கு

இத்தனையும் பார்த்த பிறகும் கேஸ் குறைவுதான் என்று தோன்றினால், ஒரு கேள்வி: எவ்வளவு குறைவு? இதைக் கேஜ் மீட்டர் சொல்லாது.

வீட்டு எல்பிஜி சிலிண்டரை நினைத்துப் பாருங்கள். பாதி தீர்ந்தாலும் அடுப்பு அதே வேகத்தில்தான் எரியும். எவ்வளவு மிச்சம் என்று அறிய நாம் சிலிண்டரைத் தூக்கிப் பார்க்கிறோம். ஆர்-134ஏவும் அப்படித்தான். உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கும்வரை, அணைத்துவைத்த காரில் அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலை மட்டுமே. 25 டிகிரியில் ஏறத்தாழ 80 பிஎஸ்ஐ, 40 டிகிரியில் 130-க்குச் சற்று மேல். உள்ளே 200 கிராம் இருந்தாலும் 400 இருந்தாலும் முள் அதே இடத்தில்தான் நிற்கும்.

ஓடும் ஏசியில் முள் கொஞ்சம் கூடுதலாகப் பேசும். தாழ்ந்த அழுத்தப் பக்கம் 30 முதல் 45 பிஎஸ்ஐ, உயர்ந்த பக்கம் 40 டிகிரி நாளில் 200 முதல் 275 வரை இருப்பது வழக்கம். இரண்டும் குறைந்தால் கேஸ் குறைவு என்று ஊகிக்கலாம். இரண்டும் கூடினால்? கேஸ் அதிகமாகவும் இருக்கலாம், கண்டென்சர் அடைப்பாகவும் இருக்கலாம். என் காரில் இரண்டுமே இருந்தன. கருவியும் ஏமாற்றும் என்பதற்கு ஓர் உதாரணம்: சஃப்தர்ஜங்கில் 46.8 பதிவான அதே நாளில் டில்லி முங்கேஷ்பூர் நிலையம் 52.9 காட்டி உலகமே பேசியது. பிறகு உணர்கருவி மூன்று டிகிரி கூட்டிக் காட்டியது என்று வானிலைத் துறை சொன்னது. ஒரே கருவியின் ஒரே எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது என்பது ஏசிக்கும் பொருந்தும்.

பானெட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்று அதில் அச்சிட்டிருக்கும். நம் ஊர்ச் சிறிய கார்கள் பலவற்றுக்கு 350 முதல் 450 கிராம் வரை. கடையிலும் இணையத்திலும் விற்கும் கேன்களில் பல 450 கிராம். அதாவது ஒரு கேனே சில கார்களுக்கு முழுத் தேவையைவிட அதிகம். பாதிக் கேஸ் உள்ளே இருக்கும் காரில் ஒரு கேனை முழுக்க ஏற்றினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கேஸ் கூடினால் குளிர் கூடாது, குறையும். அழுத்தம் ஏறும், கம்ப்ரசர் திணறும், பெட்ரோலும் வீணாகும்.

கேன் வாங்கியே தீருவேன் என்றால்

சரியான முறை பட்டறை முறைதான்: பழைய கேஸை மெஷினில் உறிஞ்சி எடுப்பது, கசிவை அடைப்பது, வேக்யூம் பம்ப்பில் அரை மணிக்குக் குறையாமல் காற்றையும் ஈரத்தையும் இழுப்பது, பிறகு எடை போட்டு ஏற்றுவது. வேக்யூமில் ஈரம் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து வெளியேறிவிடும். அதைச் செய்யாமல் விட்டால் தங்கும் ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உள்ளே அரிக்கும்.

கசிவு மெல்லியது, ஏசி கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது, கார் ஆர்-134ஏ கார் என்ற நிலையில் மட்டும் வீட்டில் சிறிது ஏற்றலாம். அப்போது:

1. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். தெறிக்கும் திரவம் தோலை உறையவைக்கும், கண்ணைக் கெடுக்கும். திறந்த வெளியில் செய்யுங்கள். இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது, மூடிய இடத்தில் தங்கும். பீடி, சிகரெட், நெருப்பு கூடாது. தீயில் பட்டால் நச்சுப் புகையாக மாறும்.

2. தாழ்ந்த அழுத்த வாயைக் கண்டுபிடியுங்கள். குழப்பும் விஷயம்: தடித்த குழாயில் இருப்பது சிறிய வாய், மெல்லிய குழாயில் இருப்பது பெரிய வாய். கேஸ் ஏற்றுவது தடித்த குழாயின் சிறிய வாயில் மட்டுமே. மூடியில் 'எல்' எழுத்து இருக்கும். உயர்ந்த பக்கத்தில் மாட்டினால் அழுத்தம் திரும்பிக் கேனுக்குள் பாய்ந்து கேன் வெடிக்கலாம்.

3. கேனைச் சமையலறைத் தராசில் நிறுத்து எடையைக் குறியுங்கள். ஹோஸை மாட்டும் முன் அதிலிருக்கும் காற்றை ஒரு கணம் கேஸ் விட்டு வெளியேற்றுங்கள்.

4. எஞ்சினும் ஏசியும் ஓட, கேனை நிமிர்த்தியே பிடித்து, விட்டுவிட்டு ஏற்றுங்கள். கவிழ்த்தால் திரவம் நேராகக் கம்ப்ரசருக்குப் போய் அதை உடைக்கும். 50 கிராம் ஏற்றியதும் நிறுத்தி, வென்ட் வெப்பமானியைப் பாருங்கள். குளிர் கூடினால் இன்னொரு 50. கூடாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். குறை கேஸில் இல்லை.

5. மீதிக் கேனை நிழலில் வையுங்கள். டில்லி வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கை வைக்கக் கூடாதவை

ஸ்டிக்கரில் ஆர்-1234ஒய்எஃப் என்று இருந்தால் அது வேறு கேஸ், லேசாகத் தீப்பற்றும். பட்டறைக்குப் போங்கள். ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது; ஆரஞ்சு நிறக் கேபிள் தெரிந்தால் விலகுங்கள். அந்தக் கம்ப்ரசரின் எண்ணெயும் வேறு. சாதாரணக் காரின் பிஏஜி எண்ணெய் அதில் கலந்தால் மின் காப்பு கெடும். டில்லியில் 'கேஸ் கார்' என்றாலே சிஎன்ஜிதான். அந்தக் கார்களில் ஏசிக் குழாய்களுக்குப் பக்கத்தில் ஓடும் மெல்லிய எஃகுக் குழாயில் 200 பார் வரை அழுத்தம் இருக்கலாம். அதில் ஸ்பேனர் பட வேண்டாம்.

மலிவாகக் கிடைக்கிறது என்று பெயர் தெரியாத கேஸ் வாங்காதீர்கள். 2011-இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிர்பதனக் கன்டெய்னர்கள் வெடித்து ஊழியர்கள் இறந்தார்கள். ஆர்-134ஏ என்று விற்ற போலிக் கேஸில் மெத்தில் குளோரைடு கலந்திருந்தது. அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் பொருளாக மாறியிருந்தது. கார் ஏசியின் காயிலும் கண்டென்சரும் அலுமினியம்தான். கசிவை அடைக்கும் திரவம் கலந்த கேன்களையும் தவிர்த்துவிடுங்கள். ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித்துளையை அடைத்துவிடலாம்.

காற்றில் விட்ட கேஸ்

பட்டறையில் வால்வை அழுத்தி 'புஸ்' என்று பழைய கேஸைக் காற்றில் விடுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஆர்-134ஏ ஓசோனைத் துளைக்காது. ஆனால் நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறத்தாழ 1,430 மடங்கு பூமியைச் சூடாக்கும். 400 கிராமைக் காற்றில் விடுவது, காரில் சுமார் 250 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்குச் சமம். 2016 கிகாலி உடன்படிக்கையை இந்தியா 2021-இல் ஏற்றிருக்கிறது. 2032-இல் தொடங்கி 2047-க்குள் இந்த வகைக் கேஸ்களின் பயன்பாட்டை 85 சதவீதம் குறைக்க வேண்டும். 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட குளிரூட்டல் செயல்திட்டம், பழுது பார்ப்பவர்களில் ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சி தர வேண்டும் என்று இலக்கு வைத்தது. கேஸைப் பிடித்து வைக்கும் மெஷின் உள்ள பட்டறையைத் தேடிப் போவது நம் பங்கு.

போகும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உள்ளே எத்தனை கிராம் இருந்தது? எங்கே கசிந்தது? எத்தனை நிமிடம் வேக்யூம் போட்டீர்கள்? மூன்றுக்கும் பதில் எண்ணிலும் இடத்திலும் வந்தால் நல்ல கடை. "சப் டீக் ஹை, சாப்" (எல்லாம் சரியாக இருக்கிறது, ஐயா) என்று வந்தால் வண்டியைத் திருப்புங்கள்.

என் கார் ஸ்டிக்கரைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஏப்ரல் கடைசியில் பஞ்சு பறந்து ஓய்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்டென்சரைக் கழுவுகிறேன். போன கோடையில் டயர் மாற்றப் போன இடத்தில் பையன் ஒருவன் வழக்கம்போலக் கேட்டான்: "ஏசியில் கேஸ் போட்டுவிடவா, சாப்?"

"போடுவதற்கு முன்னால் உள்ளே இருப்பதை எடுத்து எடை போட முடியுமா, தம்பி?" என்றேன். அவன் டயரைப் பார்க்கப் போய்விட்டான்.